ஓதக் கணக்கு

வெள்ளி மாலை, ப்ருனோவில் பனி பிடிக்கத் தொடங்கியபோது வந்தது.
பதினான்காயிரத்து முந்நூற்று ஆறு வரிகள் கூட்டல்,
பதினோராயிரத்துச் சொச்சம் கழித்தல்.
அனுப்பியவர் அன்செல்மோ, சிலோயே தீவு.
விளக்கம் என்ற இடத்தில் ஒற்றை வாக்கியம்:
'கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்.'

கொஞ்சம்!
இவ்வளவு பெரிய மாற்றத்தைக் காட்ட இயலாது என்று
திரையே கைவிரித்துவிட்டது.

கடல் இல்லாத நாட்டில் உட்கார்ந்து
கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று
கணக்குச் சொல்லும் நிரலைப்
பதினொரு வருடமாய்க் காத்து வருகிறேன்.
சம்பளம் இல்லை. பகலில் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை.
கடலைப் பார்த்தது இரண்டு முறை.
அதில் ஒரு முறை மழை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
சமைத்தவர் முகம் தெரிந்த வீட்டில் அது சரி.
இந்தப் பானையில் முழுப் பூசணிக்காயே கிடந்தாலும்
கரண்டி தட்டும்வரை தெரியாது.
பருக்கை பருக்கையாய் எடுத்தேன்.

சனி முழுக்கப் பெயர் மாற்றங்கள்.
'உயரம்' இருந்த இடமெல்லாம் 'மட்டம்'.
பிறகு இடம்பெயர்ந்த கோப்புகள்:
இங்கே சிவப்பில் செத்து, அங்கே பச்சையில் பிறந்தவை.
பிணத்துக்கும் பிள்ளைக்கும்
மச்சம் மச்சமாய் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
ராடோவான் கசகசா கேக் கொண்டுவந்து வைத்தான்.
ஒரு கசகசா திரையில் ஒட்டிக்கொண்டது;
'தேவையற்ற முற்றுப்புள்ளி' என்று குறிப்பெழுதப் போனேன்.

ஞாயிறு, கோபம்.
'இருபது துண்டாக்கி அனுப்புங்கள்' என்று எழுதினேன்.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.
கீழே டிராம் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது.
அனுப்பவில்லை.

ஒன்பதாயிரத்தைத் தாண்டி எங்கோ
எனக்குத் தெரிந்த கையெழுத்து.
நிரலுக்கு ஏது கையெழுத்து? இருக்கிறது.
அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி விடும் பழக்கம்
அப்போது எனக்கு இருந்தது.
முதல் குளிர்காலத்தில் எழுதிய ஏழு வரி.
நிலவின் கணக்கில் ஒரு கழித்தல் குறி
கூட்டலாய் நின்றது.
தெற்குத் துறைகளில் ஓதத்தின் உச்சி
ஏழு நிமிடம் முந்தியே வந்துவிடும், தாளில்.
பதினொரு வருடம் ஒருவரும் சொல்லவில்லை.
நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்செல்மோ பார்த்திருக்கிறார்.
சுவர் சுவராய் இடித்துக் கட்டியவர்
அந்த ஏழு வரியை மட்டும் திருத்தாமல்
கண்ணாடிச் சாமான் போல எடுத்துவந்து புது வீட்டில் வைத்திருக்கிறார்.
பக்கத்தில் காவலுக்கு ஒரு சோதனை. அதன் தலையில்:

'தவறுதான். தொடாதீர்கள்.
எங்கள் துறையில் கடைசிப் படகு இந்த நேரத்தில்தான் கிளம்புகிறது.
மட்டி பொறுக்குகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் கரையேறுகிறார்கள்.'

எழுந்துபோய்க் குழாயைத் திறந்து
தண்ணீர் குடித்தேன். அது என்றும் ஒரே மட்டத்தில் வரும்.
என் பிழையின்மேல் கால் வைத்து
யாரோ ஏழு நிமிடம் முன்னால்
நனையாமல் வீடு போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் கேட்டேன்:
'உங்கள் துறைக்குச் சரி. தெற்கில் மற்ற நாற்பது துறைகளுக்கு?'

அங்கே பொழுது இன்னும் சாயவில்லை போலிருக்கிறது.
உடனே பதில்:
'போஹுமிலா, ஒவ்வொன்றாய்க் கேட்டு வருகிறேன்.
இதுவரை பதினாறு.
ஒரு துறையில் உங்கள் கணக்கை நம்பிக்
கடிகாரத்தைத் திருத்திவிட்டார்களாம்.'

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மெர்ஜ் பொத்தான் பச்சையாய்க் காத்திருக்கிறது.
இருக்கட்டும். இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் வரி,
இருபத்து நாலு துறை.
இந்த மாற்றத்துக்கு இதுவரை நான் எழுதிய ஒரே குறை,
என் ஏழு வரிக்குப் பக்கத்தில்:
'அடைப்புக்குறிக்கு முன் இடைவெளி வேண்டாம்.'