மடியில் கனம்

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இந்த ஏரியில் நேர்மாறு.

மைனஸ் இருபத்திரண்டு.
ஓவ்லுயார்வியின் மேல் என் பால் லாரியே போகலாம்,
அவ்வளவு கெட்டிப் பனி.
(போனதில்லை. லாரி கம்பெனியுடையது.)
சட்டைக்குள், கம்பளிக் காலுறைகளில்,
மூன்று லித்தியம் பேட்டரிகள்.
விலாவுக்கு ஒன்றாய் இரண்டு, தொப்புளுக்கு மேல் ஒன்று.
அடைகாக்கும் கோழி
யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.
நான் இல்போவுக்குச் சொன்னேன்.

இல்போ என் பழைய கணவனின் தம்பி.
பிரிந்தபோது படகும் சவுனாவும் அந்தப் பக்கம் போயின.
இவன் மட்டும் எப்படியோ
என் பக்கம் தங்கிவிட்டான்.
சொன்னதைக் கேட்கவில்லை.
தன் பேட்டரியைக் கருவிப் பெட்டியில்
ஸ்பேனர்களோடு படுக்கப்போட்டு
இரண்டு கிலோமீட்டர் ஸ்லெட்ஜில் இழுத்து வந்தான்.
வந்ததும் அளவுமானியைச் செருகிக் காட்டினான்:
நான்கு புள்ளி இரண்டு. நான்கு புள்ளி இரண்டு.
நான்கு புள்ளி இரண்டு.
"நிறைஞ்சிருக்கு, ராய்லி."

நிறைந்துதான் இருந்தது,
யாரும் அதனிடம் எதுவும் கேட்காதவரை.

மஞ்சள் விமானம். சக்கரங்களுக்குப் பதில்
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய சறுக்குகள்.
ஓடியது, எழுந்தது. அழகாகத்தான் எழுந்தது.
நாணல் விளிம்பு தாண்டியதும்
த்ராட்டிலை முழுக்கத் தள்ளினான்,
மேலே, இன்னும் மேலே,
ப்ரொப்பெல்லர் நின்றது.

சத்தம் அறுந்தபிறகுதான்
ஏரி எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

எழுநூறு மீட்டர் நடந்தோம்.
அவன் பேசவில்லை. வழக்கமாகவும் பேசமாட்டான்,
இது வேறு மாதிரிப் பேசாமை.
பனியில் துளை போட்டு மீனுக்கு உட்கார்ந்திருந்த ஒருத்தி
கையை மட்டும் நீட்டித் திசை காட்டினாள்,
கண்ணைத் துளையிலிருந்து எடுக்காமலே.

மூக்கைப் பனியில் குத்திக்கொண்டு கிடந்தது.
ஒரு சறுக்கைக் காணோம்.
பேட்டரியைக் கழற்றினேன். ஆற்றுக் கல்.
"செத்துப்போச்சு," என்றான்.
பால் லாரி ஓட்டுகிறவள் நான்.
உறைந்ததற்கும் கெட்டதற்கும் வித்தியாசம் தெரியும்.
ஜிப்பை இறக்கி
வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டேன்.
கத்தினேனா? கத்தினேன்.
அந்தப் பெண் அப்போதும் திரும்பவில்லை.

ஸ்லெட்ஜுக்குத் திரும்புவதற்குள்
அதற்கு என் சூடு கொஞ்சம், எனக்கு அதன் குளிர் கொஞ்சம்.
அளவுமானி நான்கு என்றது, மூன்று செல்லுக்கும்.
உள்ளே இருந்ததெல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது,
வெளியே வரத்தான் வழியில்லை.

இல்போ மூக்கைத் துடைத்தான்.
"அண்ணன் உன்னைப் பத்தி ஒண்ணு கேட்டான்."
ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

நான் பேட்டரியை நீட்டினேன்.
"இன்னொரு தரம் ஏத்து.
முதல் நிமிஷம் பாதிக்கு மேல தள்ளாதே.
ஓட ஓட அதுவே சூடாகும்."

ஒற்றைச் சறுக்கில் அவன் இறக்கியதைப் பற்றி
நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் சமையலறை மேசையில்,
கம்பு ரொட்டிக்குப் பக்கத்தில், நான்கும்.
மேலெல்லாம் முத்துமுத்தாய் வியர்த்திருந்தன.
துடைத்தேன். சார்ஜரில் மாட்டவில்லை.
குளிர் விடாதபோது ஊட்டினால்
ஊட்டியது உள்ளே உலோகமாய்ப் படிந்துவிடும்,
பிறகு எடுக்க முடியாது.
இரண்டு மணி நேரம் என்று கணக்கு.

காபி வைத்தேன். பேச்சில்லை.
நான்காவது பேட்டரி அவன் காலுறைக்குள் வந்திருந்தது,
காரில் உட்கார்ந்து கழற்றிச் சுற்றியிருக்கிறான்.
மேசைக்கடியில் அந்த வெறுங்கால்
ஹீட்டரை நோக்கி
அங்குலம் அங்குலமாய் நகர்ந்தது.

மூன்றாவது கோப்பையில்
கேட்டேன்:
"என்ன கேட்டான்?"