அரைப் புள்ளி

தில்ஷாத்தின் கம்பெனியில்
நான் இரண்டாவது ஆள்.
சம்பளம் வாங்கியதில் முதல் ஆள்,
வாங்கிய மாதங்களில்.

லெட்சுமாங்குடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
செல்போன் கடை மாடி.
ஒரு மின்விசிறி, இரண்டு மடிக்கணினி,
பதினோரு டப்பாக்களில் நெல்.
டப்பாவின் மேல் ரகமும் ஈரமும் பென்சிலில்.
எலி வந்தது.
எந்த டப்பாவில் வாய் வைத்தது என்று
அவள் தேதி போட்டுக் குறித்தாள்.
"காஞ்சதாப் பாத்துத் திங்குது.
நம்ம கருவியைவிடக் கெட்டி."

அத்தா புருணையிலிருந்து அனுப்பியது
கல்யாணத்துக்கான பணம்.
சென்சார் வாங்கும்போதெல்லாம்
கல்யாணச் செலவு என்றே நோட்டில் எழுதினாள்.
கடன் கேட்டுப் போன இடத்தில்
மேலாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு
"எத்தனை கல்யாணம்மா?" என்றார்.
கடன் கிடைக்கவில்லை.

கருவி செய்தது இவ்வளவுதான்:
ஒரு கை நெல்லைப் போட்டால்
ஒரு எண்.
பதினேழுக்குள் என்றால்
கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறும்.
தாண்டினால்
ரோட்டில் கொட்டு, கிளறு,
மேகத்தைப் பார்.

ஐந்து வருடம் அந்த எண்ணை யாரும் நம்பவில்லை.
கஜாவில் மாடித் தகரம் பறந்தது,
பதினோரு டப்பாவும் வெண்ணாற்றோடு போயின.
ஆறாவது வருடம் நாற்பது கருவி.
அப்புறம் நானூறு.
அப்புறம் நாங்கள் எண்ணவில்லை.
பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க
அவளை வரப்பில் நிறுத்தி
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
"நான் வயல்ல இறங்குனதே இல்லைங்க,
முள்ளு குத்தும்" என்றாள்.
படம் வந்தது. அந்த வரி வரவில்லை.

ஒரு மாசி இரவு
புதுப் பதிப்பு ஏற்றுமுன்
நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
பதினேழுக்கும் பதினேழரைக்கும் நடுவில்
எண் வந்து நின்றால்
அரைப் புள்ளி கழி.
மற்ற எண்களைத் தொடாதே.
குறிப்பு எழுதும் இடத்தில்
ஆங்கில எழுத்தில் தமிழாக
இரண்டே வார்த்தை:
நாளைக்கு வெயில்.

நான் கேட்கவில்லை.
எத்தனை மூட்டை என்று பெருக்க ஆரம்பித்து
பாதியில் நிறுத்தினேன்.
அந்த அரைக்குள்
தார்ப்பாய்க்குக் காவல் படுக்காமல்
வீட்டுக்குப் போய்த் தூங்கியவர்கள் இருந்தார்கள்.
குடோனில் அடிவரிசையில்
பூசணம் பிடித்த மூட்டையும் இருந்திருக்கும்.

கம்பெனியை வாங்க
கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள்.
வரி வரியாகப் படிக்கவே ஒன்பது பேர்.
முந்தின இரவு
அந்த வரியை நானே அழித்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
ஆனால் அழித்ததையும் எழுதிவைக்கும் பதிவேடு அது.
நள்ளிரவு இரண்டு பத்து, என் பெயர்.
இல்லாவிட்டால் அந்தப் பக்கமே
அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

மேசையில் கேட்டபோது
நான் தொண்டையைச் செருமினேன்.
அதற்குள் அவள், டீயை வைத்துவிட்டு,
"எழுதினது நான்" என்றாள்.
"அழிச்சவனுக்கு விவரம் பத்தாது."
விலையில் எவ்வளவு குறைத்தார்கள் என்று
இன்றுவரை சொன்னதில்லை.
என் பங்கு மட்டும்
முழுதாக வந்தது.

இந்தத் தை மாதம்
கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தேன், வேலை ஒன்றுமில்லை.
பதினேழு புள்ளி மூன்று.
சிவப்பு விளக்கு.
டிராக்டரில் இருந்தவர் யாரையும் திட்டவில்லை,
வண்டியைத் திருப்பினார்.
எண் சரியான எண்தான்.
மறுநாள் வெயில் அடித்தது.

தில்ஷாத்துக்குப் போன் போட்டேன்.
வெயிலைப் பற்றிப் பேசவில்லை.
அதே மாடியைத் திரும்ப வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம்,
பன்னிரண்டு டப்பா வாங்கியிருக்கிறாளாம்.
"இந்தத் தடவை உளுந்து" என்றாள்.
"எலி?" என்றேன்.
"இன்னும் வரலை.
அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."