செத்த பணம்

ஜூலை கடைசி நாள். நள்ளிரவு வரை கெடு.
டுலூத்தில் ஏரிக்காற்று கோடையிலும் ஸ்வெட்டர் கேட்கும்.
தூண்டில் கடையின் பின்னறையில்
புழுக்கள் உறங்கும் குளிர்பெட்டி உறும,
பத்து அணிகளின் சம்பளப் பதிவேட்டைத்
திறந்து வைத்திருக்கிறேன்.
இந்த ஃபேன்டஸி லீகுக்கு நான்தான் ஆணையர்.
கணக்குப்பிள்ளை என்றாலும் கோபமில்லை.

ஓர் அணிக்கு இருநூறு டாலர்,
அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது.
ஒப்பந்தம் முடிகிறவனை விட மனமில்லையா,
ஆண்டுக்கு ஐந்து ஐந்தாய் ஏற்றிக்கொண்டே போ.
மூன்று ஆண்டுதான் நீட்டலாம்.
நடுவில் அவன் போனாலும் நீ கழற்றிவிட்டாலும்
மிச்சச் சம்பளத்தில் பாதி
உன் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.
செத்த பணம் என்று பெயர்.
விதி என்னுடையது. பெயர் வைத்தவள் கோரின்.
சவ அடக்க நிலையத்தில் வேலை அவளுக்கு,
சொல் கூசாது.

எல்லாம் ஏட்டுக் காசு.
எங்களிடம் மூன்றாண்டு கட்டுண்டு கிடப்பவன்
எங்கோ ஒரு நீச்சல் குளத்தருகே
ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருப்பான்.
ஒரு மீன்புழுக் கடையில்
தன் விலை ஏறியது அவனுக்குத் தெரியாது.

மூன்று ஆண்டு முன்பு, இதே இரவில்
ஆர்வோ கங்காஸ் அழைத்தான்.
"ரக்கரை நீட்டு."
எத்தனை?
"மூணு."

தேவோன் ரக்கர். ரன்னிங் பேக். வயது முப்பத்தொன்று.
அந்த இடத்தில் ஓடுகிறவனுக்கு
முப்பத்தொன்று என்பது மூப்பு.
இடது முழங்காலில் இரண்டு முறை கத்தி பட்டிருந்தது.
போன பருவத்தில் பாதி ஆட்டத்தைக்
கம்பளித் தொப்பியோடு கோட்டுக்கு வெளியே
நின்றே பார்த்தான்.

முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்தொன்று
என்று தொகையை மெதுவாக வாசித்தேன்,
ஸ்கேன் முடிவை வாசிக்கும் டாக்டர் மாதிரி.
ஆணையர் அறிவுரை சொல்லக் கூடாது. விதி நான்கு.
அதையும் நானே எழுதித் தொலைத்திருக்கிறேன்.
ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை:
"காலை யோசிச்சியா?"
"யாரோட காலை?" என்றான்.

தாது ஏற்றும் துறையில் ஏணி சரிந்த பிறகு
ஆர்வோவுக்கும் ஒரு பக்கம் இழுத்துத்தான் நடை.
கம்பெனி அவனை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டிருந்தது,
ஆறாவது மாதக் கடைசி வெள்ளி வரை
வாயே திறக்காமல்.

நான் பதிவு செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் ரக்கர் மேடையேறி,
மகளை மடியில் வைத்துக்கொண்டு,
போதும் என்றான். அழவும் செய்தான்.
நூற்றெட்டில் பாதி ஐம்பத்துநாலு,
ஆண்டுக்குப் பதினெட்டு.
கைக்குத் தெரிந்த கணக்கு. மனம் வருவதற்குள் போட்டுவிட்டது.

பாவம், தள்ளிவிடுவோம் என்றாள் கோரின்.
ஹால்வர்சன் கூடச் சரி என்றான்,
உதிரி ஆட்டக்காரனைக்கூட
ஓசியில் தராத ஹால்வர்சன்.
விதிவிலக்குக்குப் பத்து ஓட்டும் வேண்டும்.
ஒன்பது வந்தது.
வராதது ஆர்வோவுடையது.
"மூணு வருஷம்னு சொன்னேன்ல" என்றான்.
அதற்கு மேல் பேச்சில்லை. பீர் வாங்கப் போய்விட்டான்.

அன்றிலிருந்து ஏலத்துக்கு
நூற்று எண்பத்திரண்டோடு வருவான்.
நல்ல குவாட்டர்பேக்கின் பெயர் வரும்போது
கை பாதி எழும், இறங்கும்.
ஒன்பதாம் இடம். கடைசி இடம். பிறகு ஏழு.
ஏழு வந்த ஆண்டு எல்லோருக்கும் பை வாங்கித் தந்தான்,
புளூபெர்ரி, அடி கொஞ்சம் கருகியது.

கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை
அவனை நீட்டாமல் விட்டது.
அதற்கு என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இப்போது மணி பதினொன்று நாற்பது.
ஃபோன் அடிக்கிறது.
"ரக்கர் வரியை அழிச்சிட்டியா?"
இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.
"சரி."
வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
குளிர்பெட்டி ஒருமுறை நின்று, மறுபடி உறுமுகிறது.
"புழு எல்லாம் நல்லாயிருக்கா?" என்கிறான்.