ஒன்று புள்ளி இரண்டு மைல் வேகம்

விவாகரத்தில் வீடு ஆர்லனுக்கு,
நாய் எனக்கு.
படகை மட்டும் இருவர் பெயரிலும் விட்டுவைத்தார்கள்.
பதினெட்டு அடி அலுமினியம்,
விற்றால் டிரெய்லர் டயருக்கே காணாது.
ஒரு வாரம் அவனுக்கு, மறுவாரம் எனக்கு
என்று தாளில் இருக்கிறது.
தாளை எழுதிய வக்கீலுக்கு
கோகனி பிடிக்கத் தெரியாது.
ஒருவர் சுக்கானில் வேண்டும்,
ஒருவர் வலையோடு.

இது என் வாரம்.
வருவதாகச் சொன்ன தங்கை மகன் வெஸ்டன்
நேற்றிரவு கையை விரித்துவிட்டான்.
கூப்பிட வேறு எண் இல்லை.
விடியல் நாலரைக்கு இறங்குதுறையில்
ஆர்லனின் பிக்கப் விளக்கு.
"அடைப்பானைத் திருகினாயா?"
"திருகினேன்."
அதோடு பேச்சு முடிந்தது.

ஐடஹோவில் எங்கோ காடு எரிகிறது.
மூன்று நாளாய்ச் சூரியன்
வெந்த பரங்கித் துண்டாகத்தான் எழுகிறது.
கீழே உருளைக்கிழங்கு வயல்களுக்கு
அணையைத் திறந்துவிட்டார்கள்.
மலையைச் சுற்றி, தண்ணீர் இறங்கிய தடம்,
குளியல் தொட்டியின் அழுக்கு வளையம் போல.
வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள்
நாற்பது வருஷம் கழித்தும் அழுகாமல்
தலைகாட்டுகின்றன.

பூண்டெண்ணெயில் இரவெல்லாம் ஊறிய
வெள்ளை மக்காச்சோளம்,
கொக்கிக்கு ஒரு மணி.
முன்னால் விரல்நீளத் தகடு,
பின்னால் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கணவாய்.
கடலையே பார்க்காத சால்மனுக்குக்
கடல் பொம்மை.
பசிக்குக் கடிப்பதில்லை, எரிச்சலுக்குத்தான்
என்பான் ஆர்லன்.
எனக்கு அது புரியும்.

ஈயக் குண்டு இறங்குகிறது,
இருபது, நாற்பது, அறுபது அடி.
மேலே தோலை உரிக்கும் ஜூலை.
கீழே பத்துப் பாகத்தில்
எப்போதும் மார்ச் மாதம்.
திரையில் வில் வில்லாய்
அவை நிற்கின்றன, நம்மைச் சட்டை செய்யாமல்.

நேராகப் போனால் ஒன்றும் தொடாது.
பாம்பு போல் நெளிய வேண்டும்.
திருப்பத்தில் உள்பக்கத் தூண்டில் தளரும்,
வெளிப்பக்கத்தது விரையும்.
எது கடிபடுகிறதோ
அதுதான் இன்றைக்கு மீன் கேட்கும் வேகம்.
ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்றரையானால் ஆர்லன் இருமுவான்.
இருமினான்.
குறைத்தேன்.

கம்பின் நுனி நடுங்கியது,
கிளிப் விட்டது,
வளைந்திருந்த கம்பு வெடுக்கென நிமிர்ந்தது.
"சுற்று, சுற்று!"
இழுத்தால் கிழியும், விட்டால் உதறும்;
ஈரக் காகிதம் போல வாய் இதற்கு.
படகருகே
சுண்டிவிட்ட வெள்ளிக்காசாய் மூன்று துள்ளல்.

ஆர்லன் வலையை நீரில் தாழ்த்தி
அசையாமல் காத்திருந்தான்.
முன்பெல்லாம் துரத்துவான்.
வலை விளிம்பால் இடித்தே
எத்தனை மீனைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்,
அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை
நாங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம்.
மீன் தானாக வலைக்குள் வந்தது.
யார் சொல்லிக் கொடுத்தது?

இடுக்கி தேடித் தூண்டில் பெட்டியைத் திறந்தேன்.
பச்சை நிற முடிக்கட்டு ஒன்று, என்னுடையதல்ல.
அதில் வரிசையாகக் கொக்கிகளை மாட்டி வைத்திருந்தது,
சிக்காமல்.
நல்ல யோசனைதான்.
மூடிவிட்டேன்.

செவுளை அறுத்து வாளியில் இரத்தம் வடித்து
ஐஸில் அடுக்கினோம்.
விட்டிருந்தால் செப்டம்பரில் சிவந்து, கூனி,
பிறந்த ஓடையேறிச்
செத்திருக்கும் சில.

ஒன்பதரைக்குக் காற்று எழுந்தது.
ஒன்பது மீன்.
"ஐந்தை நீ எடு," என்றான்,
"உன் வாரம்."
எடுத்தேன்.

கரையில் அவன் அடைப்பானைத் திருகி எடுக்க
படகு வயிற்றுத் தண்ணீர்
சரளையில் நெடுநேரம் ஒழுகியது.
அடுத்த சனி அவனுடையது.
டப்பாவில் பாதிச் சோளம் மிச்சம்.
படகிலேயே வைத்தேன்.
எடுத்தேன்.
பிறகு மூடியை நன்றாக அழுத்தி,
பெட்டிக்குள்,
அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தேன்.