ஏற்கெனவே இருந்த கீறல்கள்

கதவில் இரண்டு, பின்பம்பரில் ஒன்று,
இடது கண்ணாடி ஓரத்தில் நகமளவு.
ஒவ்வொன்றையும் சுற்றிவந்து படமெடுத்தான் சஞ்சீவி.
"இதெல்லாம் உங்க கணக்குல வராதுக்கா."
அஸ்தம்பட்டியில் காலை ஏழே கால்.
ராத்திரி ட்யூட்டியின் டெட்டால்
இன்னும் என் விரலிடுக்கில்.

நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு, முந்நூறு கிலோமீட்டர்.
ஜெரினாவின் ஆதார் அவன் டிராயருக்குள் போனது.
அவளுக்கு நேற்று லீவு, நன்றாகத் தூங்கியிருந்தாள்.
ஸ்டியரிங் அவளுக்கு, வழி சொல்வது எனக்கு,
காசு ஆளுக்குப் பாதி.

சாவியைத் திருப்பியதும் திரையில் பழைய போன்கள்:
ரெக்ஸ்லின். கவிக்குட்டி. அப்பா நம்பர் டூ.
முன்பு ஏறி இறங்கிய ஒவ்வொருவரையும்
பெயர் சொல்லித் தேடிப் பார்த்துவிட்டு
கடைசியில்தான் என்னைக் கேட்டது வண்டி.

பதினெட்டு வருஷமாய்ச் சேலத்தில் இருக்கிறேன்.
ஐந்து ரோடு தெரியும்,
எல்லா ரோட்டிலிருந்தும் வருகிறவர்களைத் தெரியும்,
ஸ்ட்ரெச்சரில்.
சங்ககிரி என்றால் லாரி.
மேட்டூர் என்றால் தண்ணீர் குடித்த வயிறு.
ஆத்தூர்ப் பக்கமென்றால் பூச்சிமருந்து, டியூபை எடுத்து வை.
கோட்டையையும் அணையையும் மலையையும்
பார்த்ததில்லை;
'நடந்த இடம்' என்ற கோட்டின் மேல்
எழுதியிருக்கிறேன்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள்.
இரண்டாம் கியர். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜெரினா.
இருக்கிற ஒரே வழியை என்னவென்று சொல்வது?
ஆட்களைச் சொல்ல ஆரம்பித்தேன்.
ஆறு: இடுப்பெலும்பு, கோயமுத்தூர்ப் பையன்.
ஒன்பது: ஹெல்மெட் போட்டிருந்தான், நடந்தே வீட்டுக்குப் போனான்.
பதினொன்று: போன ஆடியில், புருஷன் பெண்டாட்டி,
அவள் வளையலை நான்தான் கத்தரித்து எடுத்தேன்...
"வாயை மூடுறியா லீலா"
என்றாள், ஹாரனில் கை வைத்தபடியே.

மூடினேன்.
பதினொன்றாம் வளைவில் ஓர் அம்மாள் சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள்.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான் இருந்தது அங்கே.
நிறுத்தச் சொன்னேன்.
இரண்டு கதிர். எலுமிச்சை, மிளகாய்ப்பொடி.
"ஊருக்குப் புதுசா?" என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

லூப் ரோட்டில்
சில்வர் ஓக்கைப் பிடித்து மிளகு ஏறியது,
காபிக் காய் பச்சையாய்க் கொத்துக் கொத்தாய்,
அப்புறம் ஒரு மஞ்சள் சர்ச்,
அப்புறம் தூங்கிப்போனேன்.
பாதிக் காசு போட்டவள்
பாதி மலையைத்தான் பார்த்தேன்.

எழுப்பிய இடத்தில் கீழே சேலம்.
மேக்னசைட் குழிகள் வெள்ளை வெள்ளையாய்,
மலையின் காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி.
"நம்ம ஆஸ்பத்திரி எது?"
அந்தத் தண்ணித் தொட்டிக்கு இடப்பக்கம் என்றேன்.
அது கலெக்டர் ஆபீஸ் என்றாள்.
கால் மணி நேரம் சண்டை.
அதுவரைக்கும் எந்த ஆம்புலன்சும்
இவ்வளவு தூரம் ஏறிக் கேட்கவில்லை.
மூடுபனி வந்து இருவர் சொன்னதையும் அழித்தது.

குப்பனூர் வழியாய் இறங்கினோம்.
எட்டே முக்காலுக்கு சஞ்சீவி செல்போன் வெளிச்சத்தில்
குனிந்து, தடவி, இன்னொரு முறை தடவி,
"புதுசா ஒண்ணும் இல்லக்கா" என்றான்.
நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.
மிச்சத்துக்குக் காசு திரும்பாதாம்.
பம்பரில் இருக்கிறதே, அது யார் போட்டது என்றேன்.
"படம்தான் வெச்சிருக்கோம். பேரெல்லாம் ஞாபகமில்ல."

மறுநாள் ராத்திரி பத்தரைக்கு
இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள்.
எங்கே என்றேன். பதினாலாம் வளைவு என்றான் கூட வந்தவன்.
அங்கே ஒரு பலாமரம்,
அடிமரத்திலேயே மூன்று காய்,
சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது.
பஞ்சை எடுத்தேன்.