மாற்றுச் சான்றிதழ்

வகுப்பு தொடங்க ஒன்பது நாள்.
கேட்ட ஏழு தாள்களில் ஆறு கையில்.
ஏழாவது ஓமலூருக்கு அப்பால்,
மூடிப்போன என் கல்லூரியில்.

நான் சேர்ந்தபோதே மெக்கானிக்கலில் பதினொரு பேர்.
முடித்தபோது ஏழு.
போன ஆனியில் பெயர்ப்பலகையில்
‘பொறியியல்’ என்பதை மட்டும் வெள்ளையடித்தார்கள்.
மாலை வெயில் சாய்ந்து விழுந்தால்
இன்னும் படிக்க முடிகிறது.

காலை வரை பட்டறையில்தான் இருந்தேன்.
ஏற்காடு அடிவாரம்.
மலையிறங்கும் கார்கள் இங்கே
முதலில் வாசனையாகத்தான் வந்து சேரும்.
திருப்பூர்க் குடும்பம், ஓசூர்ப் பையன்கள்,
தேனிலவு முடிந்த ஒரு ஜோடி,
எல்லோருக்கும் ஒரே வாக்கியம்:
‘மிதிச்சா நிக்கலைங்க.’
சொல்லும்போது எல்லோர் கையும்
இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்.

தண்ணீர் ஊற்ற நூர்தீன் விடமாட்டார்.
ஆறட்டும் என்று டீக்குப் போய்விடுவார்.
டிஸ்க் ஆற எத்தனை நிமிஷம் என்று
இரண்டு வருஷமாகக் குறித்து வருகிறேன்,
நூற்று நாற்பத்திரண்டு வண்டிகள்.
எதற்கு என்று அவர் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை,
விண்ணப்பத்தில் ‘மேற்படிப்பு ஏன்?’ என்ற கட்டம் வரும்வரை.

ஆராய்ச்சியில் ஆர்வம் என்று எழுதி அடித்தேன்.
சமுதாயத்துக்கு என்று தொடங்கி, அதையும்.
பிறகு எழுதினேன்:
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஆயிரத்து இருநூறு மீட்டர் இறக்கம்.
ஒன்றரை டன் கார்.
அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு.
அது எந்த வழியாக வெளியே போகிறது,
எப்போது போக மறுக்கிறது?
கட்டம் நிரம்பிவிட்டது.

கல்லூரியில் ஓர் அறை மட்டும் திறந்திருந்தது.
எட்டு மாதச் சம்பளம் பாக்கி உள்ள தனபாக்கியம்
மாம்பழப் பெட்டிகளில் எங்களை
ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.
‘பூங்கோதை. மெக்கானிக்கல். நீ கடைசிப் பெட்டி.’

வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்தது
இழுவிசைச் சோதனை எந்திரம்.
நாலு பேர் தூக்கியும் நகரவில்லை,
அஞ்சாவது ஆளாக நானும் கைகொடுத்தேன்.
என்ன செய்கிறேன் என்று
பாதி தூக்கிய பிறகுதான் உறைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இதில்
மென் எஃகுத் துண்டொன்றை இழுத்தோம்.
வரைபடக் கோடு நேராக ஏறி, தயங்கி,
கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது.
நடுவில் இடுப்பு ஒடுங்கி
டப் என்று அறுந்தபோது
ஏழு பேரும் கத்தினோம்.
தொட்டுப் பார்த்தேன். சுட்டது.
விசை சூடாகும் என்று
புத்தகம் சொன்னதைக் கை நம்பிய நாள்.

அடி இழுப்பறையில் பாதித் துண்டு கிடந்தது,
என் வரிசை எண் பெயின்ட்டில்.
காயலான் கடைக்காரர் கையில் வாங்கி
எடை பார்ப்பது போல ஆட்டினார்.
‘நூறு கிராம்கூட வராது. வெச்சுக்கம்மா.’

சான்றிதழில் எல்லாம் சரியாக இருந்தது.
நடத்தை: நன்று.
‘நிறுவனத்தை விட்டு விலகிய காரணம்’
என்ற இடத்தில் தனபாக்கியத்தின் பேனா நின்றது.
லாரி கிளம்பும் சத்தம்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
யார் எதை விட்டு விலகினார்கள் என்பதற்கு
அந்தக் கோட்டில் இடமில்லை.
‘படிப்பு முடிந்தது’ என்று எழுதி
அடியில் முத்திரை குத்தினார்.

இரவு சூரமங்கலம் வீட்டில்
வெப்பச் சமன்பாட்டைத் திறந்து வைத்தேன்.
முதல் கணக்கு தப்பு.
இரண்டாவதில் எல்லை நிபந்தனையே மறந்துவிட்டது.
வகுப்பில் இருபது பேராம்,
கோவையில் பெரிய கல்லூரிகளில் படித்து வந்தவர்கள்.
மூன்றாவதும் தப்பு.
எஃகுத் துண்டைப் பக்கத்தின்மேல் வைத்து
மின்விசிறியைக் கூட்டினேன்.

நூர்தீன் அழைத்தார்.
பின்னால் யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரல்.
‘ஈரோடு வண்டி. வேன். நல்ல புகை.
நின்னது ஏழு பன்னிரண்டு.
எழுதிக்கோ.’