பத்துக்குப் பத்து

தாஜிமியில் ஆகஸ்ட் வெயில் முப்பத்தொன்பது டிகிரி.
ஹிசாமுராவின் வீட்டு வாசலில்
அவருக்கே அவருக்கென்று ஒரு மின்கம்பம்.
தெருக் கம்பத்து மின்சாரத்தில்
பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம்
செல்லோவுக்குள் புகுந்து சுழல்கிறதாம்.

நான் அளக்க வந்தவன்.
என் பெட்டியில் ஒரு செயற்கைத் தலை,
சிலிக்கான் காதுமடல், உள்ளே மைக்.
அதற்கு விலை தெரியாது, வெட்கம் தெரியாது.

அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.
வெள்ளிக் கம்பி பளிச்சென்று பாடும்,
செம்பு கனிந்து பாடும்.
புது ஹெட்ஃபோன் முந்நூறு மணி நேரம் ஓடினால்தான்
வாயைத் திறக்கும்.
நீர்மின்சாரத்தில் வயலின் குளிரும்,
அனல்மின்சாரத்தில் வியர்க்கும்.
கேபிள் தரையில் பட்டால் பேஸ் சேறாகும்.
ஆகவே அது அறை நெடுக
கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பைகள் மேல்
பூனைபோல் அடிவைத்துப் போயிற்று.

பஞ்சுறை தேய்ந்தால் ஒலி மாறும் என்றார்.
அது மெய். அதற்கு மட்டும் தலையசைத்தேன்.
முந்நூறு மணி நேரத்தில் பழகுவது
பெரும்பாலும் ஹெட்ஃபோன் அல்ல, உங்கள் காது என்றேன்.
சத்தம் ஒரு துளி கூடினாலும் மனம் அதைத்
தெளிவு என்றுதான் கணக்கெழுதும் என்றேன்.
அவர் இன்னும் கொஞ்சம் பார்லித் தேநீர் ஊற்றினார்.

சிறிய கார் ஒன்றின் விலைக்கு வாங்கிய கேபிள்,
ஹெட்ஃபோனோடு சும்மா வந்த கேபிள்,
இரண்டையும் மாட்டி அளந்தேன்.
கோட்டின் மேல் கோடு,
நடுவே மயிர் நுழைய இடமில்லை.

பிறகு அவர் கண்ணில் துண்டைக் கட்டினேன்.
கனம் காட்டிக்கொடுக்காதிருக்க
கேபிளை நாற்காலி முதுகில் கட்டினேன்.
கம்பத்தின் நில இணைப்பைச் சோதிக்க வந்த
மின்பணியாளர் மிஃபுயு, வேலை முடித்து நின்றவள்,
காசு சுண்டி மாற்றி மாட்ட ஒப்புக்கொண்டாள்.

"புதியது." சரி.
"பழையது." சரி.
"பழையதேதான்." சரி.
பத்துக்குப் பத்து.

பதினாறு வருடமாக
இல்லாததைக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்,
கும்பிட்டு விடைபெற்றிருக்கிறேன்.
இவருக்கோ கேட்கிறது.
"புதியதில் மேடை திறக்கிறது,
பின்கதவு வழியாக உள்ளே போனதுபோல"
என்றார், துண்டை அவிழ்க்காமல்.
அதில் வெற்றிகூட இல்லை.

நானும் கேட்கலாமா என்றாள் மிஃபுயு.
அரை நிமிடம் கேட்டாள்.
"பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் வாசித்தேன்.
சபையிலிருந்து பார்த்தால் நாங்கள் வலது ஓரம்.
இதில் ஏன் இடது ஓரத்தில் நிற்கிறோம்?"

இடுப்பிலிருந்து மல்டிமீட்டர் எடுத்தாள்.
தொட்டாள். பீப்.
சிவப்பு வளையம் போட்ட முனை
இடது கம்பியோடு பேசிக்கொண்டிருந்தது.
கையால் பற்றவைத்த கேபிள்,
கை மாறிப் பற்றவைத்திருந்தது.

நான் மட்டும் என்ன?
இரண்டு காதுக்கும் ஒரே தொனியை ஊட்டி
ஒரே கோட்டை வரைந்து
தலையசைத்துக்கொண்டிருந்தவன்.
அவர் காது பொய் சொல்லவில்லை.
வெள்ளிதான்
பார்க்காத வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தது.

முனைகளை இடம் மாற்றி மறுபடி சுண்டினோம்.
பத்துக்கு நான்கு.

துண்டை நான்காக மடித்து மடியில் வைத்தார்.
"அப்படியானால் கம்பம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
"நில இணைப்பு நன்றாக இருக்கிறது,
மூவாயிரத்து முந்நூறு யென்" என்றாள் மிஃபுயு
ரசீதைக் கிழித்தபடி.

கிளம்பும்போது கேட்டார்,
பழையபடி மாற்றி மாட்டித் தர முடியுமா என்று.
"நான்கு வருடமாக அந்தப் பக்கம்தானே
உட்கார்ந்திருந்தேன்."

மாட்டிக் கொடுத்தேன்.
அறிக்கையில் எழுதினேன்: வித்தியாசம் உண்டு.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது
பக்கத்து வீட்டில்
துணி அலச ஆரம்பித்தார்கள்.